படப்புத்தகம் எழுத வருகிறவருக்குத் துணை இருப்பது எப்படி?

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறையில், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆறேழு பேர் கூடி உட்காருகிறோம். அங்கன்வாடி அக்கா ஒருத்தர், திருப்பூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்த் துணி செக்கிங் வேலை பார்க்கிற பெண் ஒருத்தர், வீட்டோடு தறி ஓட்டுகிற ஒருவர், மூன்று ஆசிரியர்கள். எல்லாரும் எழுதிப் பார்ப்பது குழந்தைகளுக்கான படப்புத்தகம், அதிலும் பயம், பிரிவு, பொறாமை, கோபம், சாவு என்று குழந்தை மனசுக்குள் நடக்கிற விஷயங்களைத் தொடுகிற புத்தகம். நான் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவர்கள் எழுதுவதைக் கூட இருந்து பார்க்கிறேன், அவ்வளவுதான். இப்போது வேறு ஊர்களிலிருந்தும் கேட்கிறார்கள்: "எங்க ஊர்லயும் ரெண்டு பேரு எழுதறாங்க, பாத்துச் சொல்லச் சொல்றாங்க, நான் என்னன்னுங்க சொல்றது?" அப்படிக் கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையைச் சரிசெய்வது எழுதுகிறவரின் வேலை. அவருடைய கண் அந்தக் குழந்தையை விட்டு வேறு எங்கும் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. கீழே நான் சொல்வதெல்லாம் இதற்கான வழிகள்தான்.

முதலில் நீங்கள் படிக்க வேண்டும்

ஐம்பது படப்புத்தகமாவது குழந்தைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருந்தால் ஒழிய அடுத்தவர் கைப்பிரதியைத் தொடாதீர்கள். மனசுக்குள் படித்தால் கணக்கில்லை. எந்த இடத்தில் குழந்தை முன்னால் நகர்ந்து வருகிறது, எந்த வரியில் ஜன்னல் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் வாய்விட்டுப் படிக்கும்போதுதான் பிடிபடும். காசு போட்டு வாங்க வேண்டுமே என்று யோசிக்க வேண்டாம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன, இலவசமாகப் படிக்கலாம். அரசுப் பள்ளி ஆசிரியர் யாரையாவது தெரிந்தால் வாசிப்பு இயக்கத்துக்காக அச்சிட்ட சின்னப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலையாகப் பிரித்திருப்பார்கள். எந்த நிலைக் குழந்தைக்கு எத்தனை சொல் தாங்கும் என்பது அதில் கண்ணால் தெரியும்.

குழந்தைகளுக்காக எழுதுவதெல்லாம் வெளியிலிருந்து வந்த சமாச்சாரம் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. பெரியசாமித் தூரன் 1908இல் மோடக்குறிச்சிக்குப் பக்கத்து மஞ்சக்காட்டு வலசில் பிறந்தவர். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். பெரியவர்களுக்குக் கலைக்களஞ்சியம் முடித்த கையோடு குழந்தைகளுக்கென்று பத்துத் தொகுதியில் தனிக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தவர், குழந்தை மனசைப் பற்றி எளிய தமிழில் எழுதியவர். இந்த வேலைக்கு நம்ம மண்ணில் ஏற்கனவே ஒரு வரப்பு போட்டு வைத்திருக்கிறார்கள், அதன் மேல் தைரியமாக நடக்கலாம்.

பேச வேண்டியதை முன்னாடியே பேசிவிடுங்கள்

எத்தனை தடவை சந்திப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை, கட்டணம் உண்டா இல்லையா, போனில் எந்நேரம் கூப்பிடலாம். நாங்கள் ஆறு சந்திப்பு, பதினைந்து நாளுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம், கட்டணம் இல்லை. கதை எழுதினவருக்கே சொந்தம், நீங்கள் எத்தனை யோசனை சொல்லியிருந்தாலும் சரி. அவருடைய கைப்பிரதியை அவரைக் கேட்காமல் வாட்ஸ்அப்பில் ஒருத்தருக்கும் அனுப்பக் கூடாது, "சும்மா என் தங்கச்சிக்கு மட்டும்" என்றுகூட.

முதல் சந்திப்பில் நோட்டைத் திறக்காதீர்கள்

வருகிறவர் நோட்டை நீட்டுவார். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "எந்தக் குழந்தைக்காக எழுதுனீங்க?" என்று கேளுங்கள். "எல்லாக் குழந்தைகளுக்கும்" என்பார். விடாதீர்கள். வயசு என்ன, யார் வீட்டில் வளர்கிறது, எந்த நேரத்தில் அழுகிறது, அழும்போது எங்கே போய் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அம்மா நைட் ஷிப்ட் போய்விட, அம்முச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) பக்கத்தில் படுத்துக்கொண்டு பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடக்கும் ஐந்து வயசுக் குழந்தை ஒன்று அவர் கண்முன் வந்து நின்றுவிட்டால் பாதிக் கதை வந்த மாதிரி. "பிரிவுத் துயர் பற்றிய கதை" என்று மட்டும் இருந்தால் இன்னும் ஒன்றுமே வரவில்லை.

அப்புறம் அந்த உணர்ச்சி குழந்தையின் உடம்பில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஐந்து வயசுக் குழந்தைக்குக் கவலை என்ற சொல் வாயில் வராது. "வயிறு வலிக்குது" என்றுதான் சொல்லும், அதுவும் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரமாகப் பார்த்துச் சொல்லும். கோபம் வந்தால் காது சூடாகும், அழுகையை அடக்கினால் தொண்டைக்குள் நெல்லிக்கொட்டை மாட்டின மாதிரி இருக்கும். நம்ம ஊரில் பெரியவர்கள் "வெசனம்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், வருத்தமும் கவலையும் ஏக்கமும் சேர்ந்த மாதிரி. அந்தச் சொல்லைக் கதைக்குள் கொண்டுவரலாமா என்று எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. கொண்டுவரலாம் என்பது என் கட்சி. பேச்சில் அம்முச்சி, அப்பாரு, வெசனம் எல்லாம் அப்படியே இருக்கட்டும், கதை சொல்லும் வரிகள் எல்லா ஊர்க் குழந்தைக்கும் புரிகிற எளிய தமிழில் போகட்டும். மற்ற ஊர்க் குழந்தைக்கு அந்தச் சொல் புரிய வேண்டுமானால் அந்தப் பக்கத்துப் படம் புரியவைக்கும்.

கன்றுக்குட்டிக் கதை

செக்கிங் வேலை பார்க்கிற பெண் கொண்டுவந்த முதல் கைப்பிரதியை அவர் அனுமதியோடு சொல்கிறேன். குமரன் ஒரு கன்றுக்குட்டி மேல் ரொம்பப் பாசமாக இருக்கிறான். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் அப்பா அதை விற்றுவிடுகிறார். குமரன் அழுகிறான். "அழக் கூடாது, விட்டுக்கொடுப்பதுதான் வாழ்க்கை" என்கிறார் தாத்தா. குமரன் உண்மையைப் புரிந்துகொண்டு சிரிக்கிறான். முற்றும்.

புதிதாக எழுதுகிறவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படித்தான் முடிப்பார்கள், ஏனென்றால் நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதைகள் அப்படித்தான் முடிந்தன. இங்கே "நீதி வேண்டாம்" என்று ஒரே போடாகச் சொல்லிவிடாதீர்கள், அவர் நொந்துவிடுவார். அதோடு அவர் அந்த இடத்தில் வேறு எதை வைப்பார்? நான் ஒன்றுதான் கேட்டேன். "கன்னுக்குட்டி போன அன்னிக்கு ராத்திரி அவன் எங்க படுத்தானுங்க, அம்மிணி?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "கட்டுத்தரைக்குப் பக்கத்துல கயித்துக்கட்டலப் போட்டுத் தரச் சொல்லி அடம் புடிச்சானுங்க" என்றார். கட்டுத்தரை என்றால் மாடு கட்டுகிற இடம். குமரன் என்று அவர் எழுதினது அவர் தம்பியைத்தான். வேறு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். "எங்க வீட்ல மாடு வித்தா கவுறு குடுக்க மாட்டாங்க. கவுறு மட்டும் முளைக்குச்சியிலயே கெடந்துச்சு."

மூன்றாவது சந்திப்புக்கு அவர் எழுதி வந்தது இப்படி ஆரம்பித்தது:

"கட்டுத்தரையில் முளைக்குச்சி இருந்தது. கயிறு இருந்தது."

அடுத்த பக்கம்:

"மணி குமரனின் சட்டைப் பைக்குள் இருந்தது."

மணி என்றது கன்றின் கழுத்து மணியை. தாத்தா என்பது அப்பாரு ஆகியிருந்தது. அவர் வருகிறார், அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை, கட்டிலில் கொஞ்சம் இடம் விடச் சொல்கிறார். கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் படுத்திருக்கிறார்கள், சட்டைப் பைக்குள் மணி லேசாகச் சத்தம் போடுகிறது. குமரன் சிரிக்கவில்லை. தூங்கவும் இல்லை. ஆனால் தனியாக இல்லை. கவனித்துப் பார்த்தால் இதில் நான் ஒரு சொல்கூட எழுதிக் கொடுக்கவில்லை.

நீதி சொல்லி முடிக்கிற தடுமாற்றத்தை எழுதுகிறவரே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கடைசிப் பக்கத்தை மடித்து உள்ளே செருகிவிட்டு, மிச்சக் கதையை அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கதை அங்கேயே முடிந்துவிட்டதாகத் தோன்றினால் மடித்தது மடித்தபடியே இருக்கட்டும்.

சாவு பற்றிய கதை என்றால் இன்னும் கவனம் வேண்டும். "தாத்தா தூங்குறாரு", "சாமிகிட்ட ஊருக்குப் போயிருக்காரு" என்று எழுதினால், கேட்ட குழந்தை தூங்கப் பயப்படும், இல்லை ஊருக்குப் போகிறவர்களைப் பார்த்துப் பயப்படும். செத்துப்போவது என்றால் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது, இனிமேல் திரும்பி வர மாட்டார் என்பதை மெதுவாக, ஆனால் நேராக எழுதலாம். "ஆம்பளப் பையன் அழலாமா", "பூச்சாண்டி வந்துருவான்" மாதிரி வரிகள் பழக்க தோஷத்தில் உள்ளே நுழைந்திருக்கும். அதைப் பார்த்தால் கோடு போட்டு அடித்துவிடாதீர்கள், பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, இதைக் கேட்கிற குழந்தை என்ன நினைக்கும் என்று மட்டும் கேளுங்கள்.

"சரிங்க" என்பதை நம்பாதீர்கள்

இது எனக்கு நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தறி ஓட்டுகிறவர் ஒரு கதை கொண்டுவந்தார். கரண்ட் போகும்போது ஒரு குழந்தை பயப்படுகிறது. இருட்டுக்குப் பயம் என்று நான் நினைத்துக்கொண்டு, அவர் கொடுத்த ஃபைலிலேயே உட்கார்ந்து இருட்டு, நிழல், மெழுகுவத்தி என்றெல்லாம் சேர்த்து அழகாக மாற்றிக் கொடுத்தேன். "சரிங்க, ரொம்ப நல்லாருக்குங்க" என்று வாங்கிப் போனவர் நாலு மாசம் வரவே இல்லை.

அப்புறம் ஒரு சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் தொட்டிலில் குழந்தை தூங்குகிறது. நாம் பேசுவது நமக்கே கேட்காத அந்தச் சத்தத்தில் அது அசையாமல் தூங்குகிறது. நான் இருக்கும்போதே கரண்ட் போனது. தறி நின்றது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, குழந்தை வீறிட்டு அழுதது. அந்தக் குழந்தைக்கு இருட்டு ஒரு பொருட்டே இல்லை, சத்தம் நின்றுபோனதுதான் பயம். பிறந்ததிலிருந்து கேட்ட தாலாட்டு அது. அவர் எழுதின முதல் வரியிலேயே அது இருந்திருக்கிறது, நான்தான் அழித்துவிட்டேன். அன்றைக்கே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதிலிருந்து எனக்கு நானே வைத்துக்கொண்ட முறைகளைச் சொல்கிறேன். அவருடைய ஃபைலில் ஒரு எழுத்துகூடத் தட்ட மாட்டேன். ஒரு சந்திப்புக்கு மூன்று விஷயத்துக்கு மேல் சொல்ல மாட்டேன், அதில் குறைந்தது இரண்டு கேள்வியாக இருக்கும். முதலில் அவர் கதையை நானே அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். என் நாக்கு தடுக்குகிற இடம் அவருக்கே கேட்டுவிடும், நான் சொல்லத் தேவையில்லை. கடைசியாக, நம்ம பக்கத்து மரியாதையில் "சரிங்க" என்றால் ஒத்துக்கொண்டேன் என்றும் அர்த்தம், எனக்குப் பிடிக்கவில்லை ஆனால் உங்கள் வயசுக்கு மரியாதை என்றும் அர்த்தம். அதனால், "நான் சொன்னதுல எது உங்களுக்குச் சரிப்படலீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதல் தடவை பதில் வராது. மூன்றாவது தடவை வரும்.

மாதிரிப் புத்தகம் மடிப்பது

இதைத் தள்ளிப்போடாதீர்கள், மூன்றாவது சந்திப்பிலேயே செய்துவிடுங்கள். ஏ4 தாள் எட்டு எடுத்து நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடுவில் இரண்டு பின் அடித்தால் 32 பக்கம். அச்சகத்தில் 16 பக்கத்தை ஒரு பாரம் என்பார்கள், இரண்டு பாரம் சேர்ந்தால் 32. படப்புத்தகங்கள் பெரும்பாலும் அந்த அளவில் இருப்பதற்கு அச்சுக் கணக்குதான் காரணம். தலைப்பு, பதிப்பு விவரம் போக எதிரெதிர்ப் பக்கமாகப் பன்னிரண்டு பதினான்கு விரிப்பு மிஞ்சும். முதல் கதை எழுதுகிறவருக்கு ஒரு பாரமே, அதாவது நாலு தாளே போதும் என்பது என் அபிப்பிராயம்.

வரிகளை வெட்டி அதில் ஒட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் தெரியும், ஒரு பக்கத்தில் பதினாறு வரி கிடக்கும், இன்னொரு பக்கம் காலியாக இருக்கும். பக்கத்தைத் திருப்புவது என்பது குழந்தைக்கு ஒரு கதவைத் திறக்கிற மாதிரி. கயிறு இருந்தது என்று முடித்து, திருப்பினால் மணி இருப்பது அதனால்தான் வேலை செய்கிறது. 32 பக்கத்துக்கும் சேர்த்து ஐந்நூறு சொல்லைத் தாண்டினால் எதையாவது படத்துக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். "குமரன் சோகமாகத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்" என்பதை ஓவியர் பார்த்துக்கொள்வார்.

அதற்காக ஓவியருக்கு எதுவுமே சொல்லாமல் விடக் கூடாது. சட்டை என்ன நிறம், ஜன்னல் எந்தப் பக்கம் என்றெல்லாம் எழுத வேண்டியதில்லை. படத்தில் தப்பினால் கதையே பொய்யாகிற விஷயத்தை எழுத வேண்டும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக, அதாவது சிவப்பாக இருக்கும், ஆறு மாசம் வாக்கில்தான் நிறம் மாறி மயிலையாகும், அதாவது சாம்பல் நிறமாகும். நகரத்து ஓவியர் ஒருவர் கறுப்பு வெள்ளைத் திட்டுப் போட்ட கன்றை வரைந்துவிட்டால் எங்கள் பக்கத்துக் குழந்தை முதல் பக்கத்திலேயே "இது நம்ம கன்னு இல்ல" என்று சொல்லிவிடும்.

குழந்தைகளிடம் கொண்டுபோவது

நாலாவது சந்திப்புக்கு அப்புறம் மாதிரிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஐந்தாறு குழந்தைகளிடம் போங்கள். பெற்றோரிடமும் அங்கன்வாடியிலோ பள்ளியிலோ பொறுப்பில் இருப்பவரிடமும் முன்கூட்டியே கேட்டு, கதை எதைப் பற்றியது என்று சொல்லிவிடுங்கள். சமீபத்தில் வீட்டில் சாவு நடந்த குழந்தை இருந்தால் அவர்கள் சொல்வார்கள். எழுதினவர் படிக்க வேண்டாம், நீங்கள் படியுங்கள், அவர் ஓரமாக உட்கார்ந்து குழந்தைகள் முகத்தை மட்டும் பார்க்கட்டும். "கதை புடிச்சுதா?" என்று கேட்டால் எல்லாம் "புடிச்சுது" என்றுதான் கத்தும். "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள், அந்த நிமிஷமே அது பாடப்புத்தகம் ஆகிவிடும். எந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். கன்றுக்குட்டிக் கதையில் எல்லாரும் மணிப் பக்கத்துக்குப் போகச் சொன்னார்கள். ஒரு பையன் மட்டும் படத்தில் இருந்த முளைக்குச்சியை விரலால் தடவிக்கொண்டே இருந்தான், ஒன்றும் பேசவில்லை.

படித்து முடித்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள், படம் வரையட்டும், விளையாடட்டும். சில குழந்தைகள் அப்போதுதான் பக்கத்தில் வந்து ஏதாவது சொல்லும். ஆடு செத்துப்போனதைச் சொல்லும், அப்பா அம்மாவை அடிப்பதையும் சொல்லும். காது கொடுத்துக் கேளுங்கள், தோண்டித் துருவாதீர்கள், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098 குழந்தைகள் உதவி எண், எந்நேரமும் கட்டணமில்லாமல் கூப்பிடலாம். புத்தகம் பக்கத்தில் உட்காரும், அவ்வளவுதான் அதால் முடியும். வைத்தியம் செய்வதற்கு வேறு ஆள் இருக்கிறார்கள். தகாத தொடுதல், வன்முறை, தற்கொலை போன்றவற்றைப் பற்றிய கைப்பிரதி எதுவானாலும் குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவர் பார்க்காமல் குழந்தைகளிடம் கொண்டுபோக வேண்டாம்.

எழுதுகிறவரையும் பாருங்கள்

இந்த மாதிரிக் கதை எழுத வருகிறவர் பலர் தங்கள் சின்ன வயசுக் காயத்தைத்தான் கொண்டுவருகிறார்கள். படித்துக்கொண்டே இருக்கும்போது குரல் உடைந்துவிடும். அப்போது கைப்பிரதியைப் பற்றிப் பேசாதீர்கள். டீ போட்டுக் கொடுங்கள், அன்றைய சந்திப்பு அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. சில கதைகள் அவர் தனக்காக எழுதிக்கொள்ள வேண்டியவை, அது குழந்தைகளுக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவர் அப்படி எழுதி முடித்துவிட்டு, "இது எனக்கே இருக்கட்டுங்க" என்று நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆறு சந்திப்பு வீணாகிவிட்டது என்று நான் நினைக்கவே இல்லை.

அச்சுக்குப் போகும்போது

பதிப்பகங்களுக்கு அனுப்பும் முன் அவர்கள் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கோவை கொடிசியாவில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனால் போதும், யார் என்ன மாதிரி போடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் ஓவியர் பெயரும் பங்கும் இருக்கிறதா என்று பாருங்கள், எழுதினவரையே காசு கொடுத்துப் போடச் சொல்கிற பதிப்பகத்தாரிடம் நிதானமாக இருங்கள். ஸ்டோரிவீவர் மாதிரித் திறந்த உரிமத்தில் போட்டால் யார் வேண்டுமானாலும், பெயரைக் குறிப்பிட்டு, மொழிபெயர்க்கலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம். அது நல்ல விஷயம்தான், ஆனால் ஏற்றுவதற்கு முன் எழுதினவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு பதிப்பகம் பதில் சொல்லவே மாசக்கணக்கில் ஆகும். அதுவரை மாதிரிப் புத்தகம் அலமாரியில் தூங்க வேண்டாம், பத்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். தறிக்காரர் கதை இன்னும் அச்சாகவில்லை. சத்தம் நிற்கிற இடத்தில் அவர் இரண்டு பக்கத்தையும் வெறுமையாக விட்டிருக்கிறார், ஒரு சொல்கூட இல்லை. அடுத்த பக்கத்தில் அப்பா கதவைத் தட்டித் தட்டித் தறி ஓடுகிற தாளத்தை வாயாலேயே போடுகிறார். படமெல்லாம் அவருடைய மூத்த பெண் கலர் பென்சிலில் போட்டது. எங்கள் நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது. அந்த வெற்றுப் பக்கத்தின் ஓரம் கிழிந்து இதுவரை இரண்டு தடவை டேப் ஒட்டியிருக்கிறோம்.